பரிசோதனையில் மரபணு சரி, ஆனாலும் கட்டி வளர்கிறது: புரோஸ்டேட் புற்றுநோயில் புரதம் செய்யாத டிஎன்ஏ பற்றிய கேள்விகள்

திருகோணமலையில் புற்றுநோய்க் கிளினிக்குக்கு வந்துபோகும் குடும்பங்களும், உயர்தர உயிரியல் படிக்கும் பிள்ளைகளும், ஆய்வுகூடங்களில் வேலை செய்பவர்களும் இந்த விடயத்தில் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. சில பதில்கள் குடும்பங்களுக்கு, சில ஆய்வு செய்பவர்களுக்கு. உங்களுக்குத் தேவையில்லாததைத் தாண்டிப் போகலாம். முதற் கேள்வியை மட்டும் எல்லோரும் வாசியுங்கள்.

அப்பாவின் மரபணு அறிக்கையில் "நோய் விளைவிக்கும் விகாரம் எதுவும் காணப்படவில்லை" என்று இருக்கிறது. அப்படியென்றால் அவருடைய நோய்க்கும் மரபணுவுக்கும் தொடர்பில்லையா?

அந்த அறிக்கை அவ்வளவு தூரம் சொல்லவில்லை. அது எதைப் பார்த்தது என்று முதலில் பாருங்கள். புரோஸ்டேட் நோயாளிக்கு இரத்தத்திலோ உமிழ்நீரிலோ செய்யும் வழமையான பரிசோதனை பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2, ஏடிஎம், செக்2, பால்பி2, ஹொக்ஸ்பி13, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6 போன்ற ஒரு பட்டியலை மட்டும் வாசிக்கிறது. அந்த மரபணுக்களிலும் புரதத்துக்கான குறியீடு உள்ள துண்டுகளையும், ஓரத்தில் 10 தொடக்கம் 20 எழுத்துகளையும்தான் (எழுத்து என்பது டிஎன்ஏ இழையின் ஓர் அலகு) பெரும்பாலும் பார்க்கும். மனித டிஎன்ஏ சுமார் 300 கோடி எழுத்து நீளம். புரதக் குறியீடு அதில் 2 சதவீதத்துக்கும் குறைவு. மிகுதிக்குள் என்ன நடந்தது என்று அந்தப் பரிசோதனை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இன்னொன்று: இரத்தத்தில் தெரிவது பிறக்கும்போதே வந்த மாற்றம். கட்டிக்குள் பின்னர் ஏற்பட்ட மாற்றங்கள் இரத்தக் கலங்களில் இருக்காது. ஆகவே அறிக்கை சொல்வது இவ்வளவுதான்: பட்டியலில் உள்ள மரபணுக்களின் புரதக் குறியீட்டில், பரம்பரையாக வந்த, இன்றைக்குத் தீங்கானது என்று தெரிந்த பழுது இல்லை. அது பெறுமதியான செய்தி. பிஆர்சிஏ2 பழுது அவரிடம் இல்லையென்றால் அவரிடமிருந்து அது பிள்ளைகளுக்கும் போகவில்லை. ஆனால் கட்டி ஏன் வளர்கிறது என்ற கேள்விக்கு அது பதிலில்லை.

புரதம் செய்யாத டிஎன்ஏ அப்படி என்னதான் செய்கிறது?

உடம்பின் எல்லாக் கலங்களிலும் ஏறக்குறைய ஒரே டிஎன்ஏதான் இருக்கிறது. ஆனாலும் ஈரல் கலம் பிஎஸ்ஏ (புரோஸ்டேட் சுரக்கும், இரத்தத்தில் அளக்கும் புரதம்) சுரப்பதில்லை; புரோஸ்டேட் கலம் அல்புமின் செய்வதில்லை. எந்தக் கலத்தில் எந்த மரபணு, எவ்வளவு, எப்போது வேலை செய்ய வேண்டும் என்று தீர்மானிக்கும் துண்டுகள் புரதம் செய்யாத பகுதியில்தான் இருக்கின்றன. மரபணு தொடங்கும் இடத்தில் புரொமோட்டர் உண்டு. பிரதியெடுக்கும் நொதியம் அங்கேதான் அமரும். என்ஹான்சர்கள் சில நூறு எழுத்து நீளமான துண்டுகள். கட்டுப்பாட்டுப் புரதங்கள் அவற்றில் ஒட்டி, தொலைவில் உள்ள மரபணுவின் வேகத்தைக் கூட்டும். அந்தத் தொலைவு சில ஆயிரம் எழுத்தாகவும் இருக்கலாம், பத்து இலட்சம் எழுத்தாகவும் இருக்கலாம்.

அவ்வளவு தொலைவில் இருப்பது எப்படி மரபணுவைத் தொடும்? உப்புவெளிக் கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். கயிற்றின் இரண்டு முனைகளிலும் ஆட்கள் தூரத்தூர நின்று தொடங்குவார்கள். இழுக்க இழுக்க இரண்டு அணியும் கிட்ட வரும். டிஎன்ஏயிலும் கோகீசின் என்ற வளையப் புரதம் இழையைத் தன் ஊடாக இழுத்து வளைவாக்குகிறது. தொலைவில் இருந்த என்ஹான்சரும் புரொமோட்டரும் அருகருகே வந்துவிடும். சிடிசிஎஃப் என்ற புரதம் ஒட்டியிருக்கும் இடங்களில் அந்த இழுப்பு நின்றுவிடும். அதனால்தான் ஒரு என்ஹான்சர் அயலில் உள்ள எல்லா மரபணுக்களையும் தூண்டுவதில்லை.

நீங்கள் நன்றாக அறிந்த பிஎஸ்ஏயே உதாரணம். அதைச் செய்யும் கேஎல்கே3 மரபணு 19ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. தொடக்கப் புள்ளியிலிருந்து சுமார் 4,000 எழுத்து முன்னால் ஒரு என்ஹான்சர். ஆண் ஓமோனைப் பிடித்த அன்ட்ரோஜன் வாங்கி (ரிசெப்டர் என்ற, ஓமோனைப் பிடிக்கும் புரதம்) அங்கே வந்து ஒட்டினால் பிஎஸ்ஏ உற்பத்தி எகிறும். ஓமோன் தடுப்பு ஊசி போட்டதும் பிஎஸ்ஏ வேகமாக இறங்குவதற்கு ஒரு காரணம், இந்த என்ஹான்சரே முதலில் அடங்கிப்போவது. கட்டி எவ்வளவு சுருங்கியது என்பதை அந்த இறக்கம் மட்டும் வைத்து அளக்கக் கூடாது.

மற்றப் புற்றுநோய்களைவிடப் புரோஸ்டேட்டில் இதைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

இந்த நோய் தொடக்கம் முதலே மரபணுக் கட்டுப்பாட்டின் நோய். ஆண் ஓமோனை நிறுத்தினால் புரோஸ்டேட் புற்றுநோய் அடங்கும் என்று சார்ள்ஸ் ஹக்கின்ஸ் 1941இல் காட்டினார். 1966இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். அந்த ஓமோன் வேலை செய்வது அன்ட்ரோஜன் வாங்கி ஊடாக. வாங்கி ஒரு கட்டுப்பாட்டுப் புரதம். டிஎன்ஏயில் ஆயிரக்கணக்கான இடங்களில் அது ஒட்டுகிறது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை புரதம் செய்யாத பகுதியிலேயே உள்ளன.

அது தனியாக ஒட்டுவதில்லை. இறுகச் சுருண்ட டிஎன்ஏயைத் திறந்து வழிவிடுவது பொக்ஸ்ஏ1 என்ற புரதம். ஹொக்ஸ்பி13 என்ற இன்னொரு புரதம் கூடவே நிற்கும். நலமான புரோஸ்டேட் கலத்தில் வாங்கி ஒட்டும் இடங்களும் கட்டிக் கலத்தில் ஒட்டும் இடங்களும் ஒன்றல்ல. பொக்ஸ்ஏ1, ஹொக்ஸ்பி13 இரண்டையும் நலமான கலத்தில் மிகையாக வைத்தால், வாங்கியின் ஒட்டிடங்கள் கட்டியில் உள்ளதைப் போல இடம் மாறுகின்றன என்று 2015இல் காட்டப்பட்டது. வாங்கி அதே வாங்கிதான். அது போய் அமரும் இடந்தான் மாறியது.

அத்தோடு, சிகிச்சை பெறாத புரோஸ்டேட் கட்டியில் எழுத்துப் பிழைகள் குறைவு. பத்து இலட்சம் எழுத்துக்கு ஏறக்குறைய ஒன்று. நுரையீரல், தோல் புற்றுநோய்களில் இது பல மடங்கு. ஆனால் நிறமூர்த்தங்கள் பல இடங்களில் ஒரே நேரத்தில் உடைந்து மாறி ஒட்டும் நிகழ்வு புரோஸ்டேட்டில் அதிகம். அப்படி உடைந்து ஒட்டும்போது புரதக் குறியீடு அப்படியே இருக்க, அதை ஆளும் துண்டு மட்டும் மாறிவிடலாம்.

நிரூபிக்கப்பட்ட ஓர் உதாரணம் சொல்லுங்கள்.

அன்ட்ரோஜன் வாங்கியின் என்ஹான்சர். இந்தத் துறையில் இதைவிட உறுதியான கதை கிடையாது.

அன்ட்ரோஜன் வாங்கி மரபணு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான். ஆகவே இந்த மரபணுவும் ஒரு பிரதிதான். ஓமோன் தடுப்புச் சிகிச்சையை மீறி வளரும் கட்டிகளில் இந்த மரபணு பல பிரதிகளாகப் பெருகுவது 1990களிலேயே தெரியும். 2018இல் முழு டிஎன்ஏயையும் வாசித்த குழுக்கள் இன்னொன்றைக் கண்டன. மரபணுவிலிருந்து சுமார் 6.5 இலட்சம் எழுத்து தள்ளி, எந்தப் புரதமும் செய்யாத ஒரு துண்டும் பெருகியிருந்தது. சில நோயாளிகளில் மரபணு பெருகாமல் அந்தத் துண்டு மட்டுமே பெருகியிருந்தது. சிகிச்சையை மீறிப் பரவிய நோயாளிகள் 10 பேரில் 7, 8 பேரிடம் இந்த மாற்றம். சிகிச்சை தொடங்காத முதற் கட்டிகளில் 100க்கு 2 போல மட்டுமே.

பெருகியிருப்பது தற்செயலா, காரணமா என்பதையும் சோதித்தார்கள். எல்என்கேப் என்ற புரோஸ்டேட் புற்றுநோய்க் கலங்களில் இந்தத் துண்டின் மேலதிகப் பிரதி ஒன்றை மட்டும் சேர்த்தபோது, ஓமோன் குறைந்த சூழலிலும் அவை வளர்ந்தன. வாங்கியைத் தடுக்கும் என்சலூட்டமைடு மருந்துக்கு அடங்குவதும் குறைந்தது. முதற் கட்டியில் இந்தத் துண்டு பெரும்பாலும் உறங்கிக் கிடக்கும். சிகிச்சையை மீறிய கட்டியில் விழித்து, பிரதியும் பெருகும். வாங்கியின் புரதக் குறியீட்டை மட்டும் வாசிக்கும் பரிசோதனை இந்த நோயாளிக்கு "மாற்றமில்லை" என்றே எழுதிக் கொடுக்கும்.

டிஎம்பிஆர்எஸ்எஸ்2, ஈஆர்ஜி இணைவு என்று அறிக்கையில் இருக்கிறது. அதுவும் இந்த வகையா?

ஆம், அதன் உயிர்நாடியே கட்டுப்பாட்டுத் துண்டுதான். இரண்டு மரபணுக்களும் 21ஆம் நிறமூர்த்தத்தில் சுமார் 30 இலட்சம் எழுத்து இடைவெளியில் உள்ளன. டிஎம்பிஆர்எஸ்எஸ்2இன் புரொமோட்டர் ஆண் ஓமோனுக்குப் பணிவது. இடையில் உள்ளது அறுந்துபோனால் அந்தப் புரொமோட்டர் ஈஆர்ஜி மரபணுவின் தலையில் வந்து ஒட்டும். வழமையில் புரோஸ்டேட் கலத்தில் அடங்கிக் கிடக்கும் ஈஆர்ஜி, ஓமோன் வரும்போதெல்லாம் உற்பத்தியாகத் தொடங்கும். 2005இல் இது கண்டுபிடிக்கப்பட்டது. ஐரோப்பிய வழி ஆண்களின் கட்டிகளில் ஏறக்குறைய பாதியில் உண்டு. கிழக்காசியர்களில் தெளிவாகக் குறைவு. இணைவு இருப்பதால் மட்டும் சிகிச்சை மாறுவதில்லை.

ஒரேயொரு எழுத்து மாறினால் நோய் வருமா? எங்கள் குடும்பத்தில் மூன்று பேருக்கு வந்திருக்கிறது.

பரம்பரையாக வரும் ஒற்றை எழுத்து வேறுபாடுகளில் பெரும்பாலானவை புரதம் செய்யாத பகுதியில்தான் இருக்கின்றன. 2023இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றோடு புரோஸ்டேட் புற்றுநோய் அபாயத்தோடு தொடர்புள்ள வேறுபாடுகளின் எண்ணிக்கை 451 ஆனது. ஒவ்வொன்றும் அபாயத்தைச் சிறிதளவே கூட்டும். மூன்றின் செயல்முறையைச் சொல்கிறோம், ஏனென்றால் இவற்றில் காரணம் ஓரளவு தெளிவாகத் தெரிகிறது.

10ஆம் நிறமூர்த்தத்தில் எம்எஸ்எம்பி மரபணுவின் புரொமோட்டரில் ஆர்எஸ்10993994 என்ற வேறுபாடு. அங்கே தைமின் இருந்தால் புரொமோட்டர் மெலிந்து, புரோஸ்டேட் சுரக்கும் ஒரு பாதுகாப்புப் புரதம் குறைகிறது. ஒரு பிரதிக்கு அபாயம் சுமார் கால் பங்கு கூடும்.

6ஆம் நிறமூர்த்தத்தில் ஆர்எஸ்339331. இதில் அபாய எழுத்து ஹொக்ஸ்பி13 ஒட்டுவதை இறுக்குகிறது. அதனால் ஆர்எஃப்எக்ஸ்6 என்ற மரபணு கூடுதலாக வேலை செய்கிறது. 2014இல் நிறுவப்பட்டது.

8ஆம் நிறமூர்த்தத்தின் 8கியூ24 பகுதி விசித்திரமானது. 2006இல் அபாயப் பகுதியாக இனங்காணப்பட்டபோது அங்கே மரபணுவே இல்லை என்று எல்லோரும் திகைத்தார்கள். அந்த வெறும் நிலத்தில் என்ஹான்சர்கள் நிறைந்திருந்தன. சில இலட்சம் எழுத்துக்கு அப்பால் மிக் என்ற வளர்ச்சி மரபணு.

உங்கள் குடும்பத்தில் மூன்று பேர் என்றால் முதலில் இந்தச் சிறிய வேறுபாடுகளைத் தேட வேண்டாம். பிஆர்சிஏ2 போன்ற வலுவான பழுதைத்தான் முதலில் தேட வேண்டும். அது கிடைத்தால் செய்வதற்கு வேலை இருக்கிறது.

இந்த 451 வேறுபாடுகளையும் கூட்டி ஓர் அபாயப் புள்ளி தருகிறோம் என்று இணையத்தில் விற்கிறார்கள். வாங்கலாமா?

இப்போதைக்கு எங்கள் ஆலோசனை: வேண்டாம். இந்தப் புள்ளிகள் அதிகமாக ஐரோப்பிய வழி ஆண்களின் தரவிலிருந்து கட்டப்பட்டவை. ஆசியர் என்று சேர்க்கப்பட்டவர்களிலும் பெரும்பகுதி கிழக்காசியர். ஆய்வு சுட்டும் எழுத்து பல நேரங்களில் உண்மையான காரணி அல்ல. காரணியோடு சேர்ந்து பரம்பரையாக வரும் அயல் எழுத்து. ஒரு மக்களிடம் அந்த இரண்டும் ஒன்றாக வரும். இன்னொரு மக்களிடம் வராது. அப்படி இடம் மாறும்போது கணக்குப் பிழைக்கும். இலங்கைத் தமிழ் ஆணுக்கு "அபாயம் குறைவு" என்று வரும் புள்ளியை நம்பி பிஎஸ்ஏ பரிசோதனையைத் தவிர்த்தால் அது தீங்கு.

முழு டிஎன்ஏயும் வாசித்த ஒரு கட்டியில் ஆயிரக்கணக்கான விகாரங்கள் வருகின்றன. எது நோயை ஓட்டுகிறது என்று எப்படிப் பிரிப்பது?

இதுதான் இந்தத் துறையின் கடினமான பகுதி. புரதக் குறியீட்டில் ஓர் எழுத்து மாறினால் எந்த அமினோ அமிலம் மாறும் என்று அட்டவணை பார்த்துச் சொல்லலாம். என்ஹான்சருக்கு அப்படி அட்டவணை இல்லை. அதனால் படிப்படியாக வடிகட்ட வேண்டும்.

முதலில் வாசிப்பின் ஆழம், அதாவது ஒவ்வோர் எழுத்தும் எத்தனை தடவை வாசிக்கப்படுகிறது என்பது. கட்டி மாதிரியில் 30 சதவீதம் மட்டுமே புற்றுநோய்க் கலம் என்று வைப்போம். புரோஸ்டேட் ஊசி மாதிரியில் அது சாதாரணம். இரண்டு பிரதிகளில் ஒன்றில் உள்ள விகாரம் 15 சதவீத வாசிப்புகளில்தான் தெரியும். 30 மடங்கு ஆழத்தில் அது 4 அல்லது 5 வாசிப்பு. பிழையிலிருந்து பிரிக்க முடியாது. 80 மடங்கில் 12 வாசிப்பு கிடைக்கும். ஆகவே கட்டிக்கு 60 தொடக்கம் 80 மடங்கு, அதே ஆளின் இரத்தத்துக்கு 30 மடங்கு என்று திட்டமிடுங்கள். இரத்தம் இல்லாமல் கட்டியை மட்டும் வாசித்தால் பரம்பரை வேறுபாடுகள் எல்லாம் விகாரமாக எண்ணப்படும். தெற்காசியர் தரவுத்தளங்களில் குறைவாக இருப்பதால் எங்கள் மாதிரிகளில் இந்தப் பிழை இன்னும் பெரிதாக வரும்.

அடுத்து, புரொமோட்டர்களில் குவானினும் சைற்றோசினும் செறிந்திருப்பதால் அங்கே வாசிப்பு மெலியும். "விகாரமில்லை" என்று எழுதுமுன் அந்த இடத்தில் எத்தனை வாசிப்பு விழுந்தது என்று பாருங்கள். மனித டிஎன்ஏ வரைபடத்தின் பழைய 19ஆம் பதிப்பையும் 38ஆம் பதிப்பையும் கலந்துவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. டெர்ட் என்ற மரபணுவின் புரொமோட்டரில் உள்ள பேர்பெற்ற விகாரம் 19இல் 5ஆம் நிறமூர்த்தத்தின் 1,295,228ஆம் இடம், 38இல் 1,295,113. எண் பிழைத்தால் தேடுவது வேறோர் எழுத்தை.

பிறகு, எந்தத் துண்டு புரோஸ்டேட் கலத்தில் திறந்திருக்கிறது என்ற தரவோடு பொருத்த வேண்டும். ஈரலில் திறந்து புரோஸ்டேட்டில் மூடியிருக்கும் என்ஹான்சரில் விகாரம் இருந்தால் அதைத் தள்ளி வைக்கலாம். பல நோயாளிகளில் ஒரே துண்டு திரும்பத் திரும்ப அடிபட்டிருக்கிறதா என்று பார்ப்பது அடுத்த படி. இங்கே பெரிய பொறி ஒன்று உண்டு. கட்டுப்பாட்டுப் புரதம் இறுக ஒட்டியிருக்கும் இடத்தில் டிஎன்ஏ திருத்தும் நொதியங்கள் நுழையச் சிரமப்படும். அதனால் அங்கே விகாரம் இயல்பாகவே கூடிக் குவியலாம். திரும்ப வருகிறது என்பதால் மட்டும் அது நோயை ஓட்டுகிறது என்று ஆகாது.

எதிர்பார்ப்பையும் அளவோடு வையுங்கள். 2,658 கட்டிகளின் முழு டிஎன்ஏயை ஆராய்ந்து 2020இல் வெளியான பன்னாட்டு ஆய்வு, புரதம் செய்யாத பகுதியில் நோயை ஓட்டும் ஒற்றை எழுத்து விகாரங்கள் புரதக் குறியீட்டில் உள்ளவற்றைவிட மிகக் குறைவு என்றே கண்டது. டெர்ட் புரொமோட்டர் அவற்றில் முதன்மை. புரோஸ்டேட்டில் அதுவும் அரிது. புரோஸ்டேட்டில் கூடுதல் பலன் கிடைப்பது துண்டு பெருகல், அறுதல், இடம் மாறல் ஆகியவற்றைத் தேடும்போது. ஒற்றை எழுத்துகளில், பொக்ஸ்ஏ1 மரபணுவை ஆளும் துண்டுகளில் உள்ளவை கவனிக்க வேண்டியவை.

ஒரு விகாரம் உண்மையில் வேலை செய்கிறது என்று ஆய்வுகூடத்தில் காட்டுவது எப்படி?

கலத் தெரிவிலேயே பாதி வெற்றி. பிசி3, டியூ145 என்ற புரோஸ்டேட் புற்றுநோய்க் கலங்கள் இரண்டும் இலகுவாக வளரும். ஆனால் அன்ட்ரோஜன் வாங்கி அவற்றில் இல்லை. வாங்கி ஒட்டும் என்ஹான்சரை அங்கே சோதித்தால் எதுவும் தெரியாது. எல்என்கேப், விகேப், 22ஆர்வி1 பொருத்தமானவை. எல்என்கேப் கலங்கள் தட்டில் மெதுவாகவே பிடிக்கும். வேகமாக ஊற்றினால் கழன்றுவரும். பொலிலைசின் பூசிய தட்டு உதவும்.

ஓமோன் விளைவைப் பார்க்க வேண்டுமானால் கரி கொண்டு ஓமோன் அகற்றிய சீரத்தில், பீனோல் சிவப்பு இல்லாத ஊடகத்தில் 48 தொடக்கம் 72 மணித்தியாலம் வைத்த பிறகு ஓமோன் கொடுங்கள். ஆர்1881 என்ற செயற்கை ஆண் ஓமோன் என்றால் 1 நனோமோலர், டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோன் என்றால் 10 நனோமோலர் போதும். கூட ஊற்றினால் கூடப் பலன் வராது. உயர்ந்த செறிவில் எல்என்கேப் வளர்ச்சி குறைந்துவிடும். ஓமோனைக் கரைத்த எதனோலை மட்டும் சேர்த்த ஒப்பீட்டுத் தட்டு கட்டாயம்.

முதற் சோதனை லூசிஃபெரேஸ் என்ற ஒளி தரும் நொதியத்தைக் கொண்டது. 200 தொடக்கம் 500 எழுத்துத் துண்டை இரண்டு வடிவத்திலும், இரண்டு திசையிலும் பிளாஸ்மிட் என்ற சிறு வளைய டிஎன்ஏயில் வைத்து ஒளியை அளக்கலாம். வேறுபாடு தெரிந்தால் அது தொடக்கம் மட்டுமே, ஏனென்றால் பிளாஸ்மிட்டில் உள்ள துண்டு நிறமூர்த்தத்தில் உள்ளதைப் போல் சுருண்டிருக்காது. அடுத்து, குறித்த டிஎன்ஏ இடத்தைத் தேடிப் பிடிக்கும், ஆனால் வெட்டாத காஸ்9உடன் மரபணுவை அடக்கும் கிராப் புரதத்தைச் சேர்த்து அந்தத் துண்டை அதன் இடத்திலேயே அடக்கி, எந்த மரபணு குறைகிறது என்று பாருங்கள். என்ஹான்சர் புரொமோட்டருக்கு மிக அருகில் இருந்தால் அடக்கம் பரவி, புரொமோட்டரையே மூடிவிடும். அப்போது முடிவை நம்ப வேண்டாம். கடைசியாக எழுத்தையே திருத்துவது. எல்என்கேப்பில் நிறமூர்த்தங்கள் ஏறக்குறைய நான்கு தொகுதி இருப்பதால் எல்லாப் பிரதியும் மாறியதா என்று வாசித்து உறுதி செய்யுங்கள். விகேப்பில் வாங்கி மரபணு ஏற்கெனவே பல பிரதியாகப் பெருகியிருக்கிறது. அங்கே காஸ்9 வெட்டினால் பல இடம் ஒரே நேரத்தில் அறுந்து கலம் நொந்துபோகும். அதை "இந்தத் துண்டு உயிர்வாழத் தேவை" என்று வாசித்துவிடக் கூடாது.

புரதம் எங்கே ஒட்டுகிறது என்று பார்க்கும் சோதனையில் 1 சதவீத ஃபோமல்டிஹைட்டில் 10 நிமிடம், பிறகு 125 மில்லிமோலர் கிளைசின். செய்முறைத் தாள்களில் வரும் அறை வெப்பநிலை என்பது 20 தொடக்கம் 25 பாகை. குளிரூட்டி நின்றுபோன ஓகஸ்ட் மதியம் திருகோணமலை அறை அதைவிட மிகச் சூடு. பிணைப்பு வேகமாக இறுகி டிஎன்ஏ துண்டுபடாமல் போகும். வெப்பமானி வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

திருகோணமலையில் எடுக்கும் மாதிரி இப்படியான பரிசோதனைக்குத் தாங்குமா?

எடுக்கும் விதத்திலும் அனுப்பும் விதத்திலும் இருக்கிறது. இழைய மாதிரியை 10 சதவீத நடுநிலைத் தாங்கல் ஃபோர்மலினில், இழையத்தின் பத்து மடங்கு கனவளவில் போட வேண்டும். 6 தொடக்கம் 48 மணித்தியாலம் நல்லது. வெள்ளிக்கிழமை எடுத்த மாதிரி நீண்ட விடுமுறை முடியும்வரை ஃபோர்மலினில் கிடந்தால் டிஎன்ஏ நைந்து, சைற்றோசின் தைமினாக வாசிக்கப்படும் போலி விகாரங்கள் கூடும். தாங்கல் இல்லாத ஃபோர்மலின் புளித்து அமிலமாகும். அது இன்னும் மோசம்.

இந்த நோய் எலும்புக்குப் பரவுவதால் எலும்பு மாதிரி அடிக்கடி வரும். எலும்பை மென்மையாக்க வலுவான அமிலம் போட்டால் டிஎன்ஏ போய்விடும். மரபணுப் பரிசோதனை தேவைப்படலாம் என்று விண்ணப்பத்தில் முன்கூட்டியே எழுதி, ஈடிடிஏ கொண்டு மென்மையாக்கக் கேளுங்கள். நாள் கூடும், ஆனால் மாதிரி பிழைக்கும்.

பரம்பரைப் பரிசோதனைக்கான இரத்தம் இலகு: ஊதா மூடி ஈடிடிஏ குழாய், 4 பாகையில் சில நாள் தாங்கும். இரத்தத்தில் மிதக்கும் கட்டி டிஎன்ஏ வேறு கதை. சாதாரண ஈடிடிஏ குழாயில் சில மணித்தியாலத்துக்குள் பிளாஸ்மாவைப் பிரிக்க வேண்டும். கொழும்புக்கு பஸ்ஸில் அனுப்பும் நேரத்துக்குள் வெண்கலங்கள் வெடித்துத் தங்கள் டிஎன்ஏயைக் கலந்துவிடும். கட்டியின் சமிக்ஞை அமிழ்ந்துபோகும். ஒன்றில் இங்கேயே பிரித்து உறையவைத்து அனுப்புங்கள், அல்லது கலங்களை நிலைப்படுத்தும் விசேட குழாயில் எடுங்கள். அந்த விசேட குழாயைப் பனிக்கட்டியில் வைக்கக் கூடாது.

இதனால் இன்றைக்குச் சிகிச்சையில் என்ன மாறுகிறது?

நேர்மையாகச் சொன்னால், குறைவு. பரவிய நோயில் பிஆர்சிஏ2 போன்ற மரபணுப் பழுது கண்டால் ஒலாபரிப் போன்ற மருந்து பயன்படலாம். 2020 முதல் அது அமெரிக்காவில் அதற்கு அனுமதி பெற்றுள்ளது. வாங்கியின் என்ஹான்சர் பெருகியிருப்பதை இரத்தத்தில் மிதக்கும் டிஎன்ஏயில் பார்க்க முடியும். ஆனால் அதை வைத்து மருந்தைத் தெரிவுசெய்வது வழமையான சிகிச்சையாக வரவில்லை. என்ஹான்சர்களில் அமரும் துணைப் புரதங்களைத் தடுக்கும் மருந்துகள் ஆய்வில் உள்ளன.

திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையிலிருந்து மகரகமைக்கோ தெல்லிப்பழைக்கோ மட்டக்களப்புக்கோ அனுப்பப்படும் நோயாளிக்கு இன்று உயிர் காப்பது, ஓமோன் தடுப்பு ஊசியைத் தவணை தவறாமல் போடுவதும் பிஎஸ்ஏயைக் குறித்த காலத்தில் பார்ப்பதும். இங்கே நாம் எழுதிய எதுவும் அதைப் பின்னுக்குத் தள்ளக் கூடாது.

பிசிஏ3 சிறுநீர்ப் பரிசோதனை?

பிசிஏ3 புரதம் செய்யாத நீண்ட ஆர்என்ஏ. 1999இல் இனங்காணப்பட்டது, புரோஸ்டேட் புற்றுநோய்க் கலங்களில் மிகையாக இருக்கும். 2012இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, அதுவும் ஒருமுறை ஊசி மாதிரி எடுத்துப் புற்றுநோய் காணப்படாதவருக்கு மறுபடி எடுக்கலாமா என்று தீர்மானிக்க. புதிதாக வருபவருக்கு பிஎஸ்ஏயும் வைத்தியரின் பரிசோதனையும்தான் முதலில்.

உணவாலும் சித்த மருந்தாலும் இந்த மரபணுக் கட்டுப்பாட்டைச் சரிசெய்யலாம் என்கிறார்களே?

எழுத்து மாறாமல் டிஎன்ஏயில் மீதைல் என்ற சிறு இரசாயனக் கூறு ஒட்டி மரபணு அடங்கிப்போவது உண்மை. ஜிஎஸ்டிபி1 மரபணுவின் புரொமோட்டர் 90 சதவீதத்துக்கு மேற்பட்ட புரோஸ்டேட் கட்டிகளில் இப்படி மூடப்பட்டிருக்கிறது. ஆனால் ஓர் உணவோ மூலிகையோ அதைத் திறந்து கட்டியைக் குணப்படுத்தியதாக நம்பத்தகுந்த சான்று இல்லை. கலத் தட்டில் மஞ்சள் சாறு ஊற்றிக் கண்ட விளைவு மனித உடம்புக்குச் செல்லாது.

சித்த மருந்து எடுப்பவர்கள் அதை மறைக்க வேண்டாம். ஆண் ஓமோன் உற்பத்தியைத் தடுக்கும் அபிராடிரோன் எடுப்பவரின் ஈரல் நொதியங்களைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. கூடவே எடுக்கும் சூரணம் ஈரலைத் தாக்கினால் எது காரணம் என்று பிரிக்க முடியாமல் மருந்தையே நிறுத்த நேரிடும். சிறுநீர் அடைப்புக்காக ஃபினாஸ்டரைட் எடுப்பவர்கள் அதையும் சொல்ல வேண்டும். சுமார் ஆறு மாதத்தில் அது பிஎஸ்ஏயைப் பாதியாக்கும். அறிக்கையில் 3 என்றால் 6 என்று எண்ணித்தான் வைத்தியர் முடிவெடுப்பார்.

கட்டியில் என்ஹான்சர் பெருகியிருக்கிறதாம். அந்தப் பெருகல் மகனுக்கும் வருமா?

வராது. அது சிகிச்சையின் அழுத்தத்தில் கட்டிக் கலங்களுக்குள் பின்னர் ஏற்பட்டது. விந்துக் கலத்தில் இல்லை. அதோடு தகப்பனின் எக்ஸ் நிறமூர்த்தம் மகனுக்குப் போவதே இல்லை. இரத்தத்தில் காணப்பட்ட பிஆர்சிஏ2 பழுது வேறு: மகனுக்கும் மகளுக்கும் தலா 50 சதவீத வாய்ப்பு. மகளுக்கு அது மார்பு, சூலகப் புற்றுநோய் அபாயம் என்பதால் பெண் பிள்ளைகளை விட்டுவிட வேண்டாம்.

எதையெல்லாம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்?

இழைய அறிக்கையின் பிரதி, இழைய மாதிரி பதித்த பரபின் மெழுகுத் துண்டின் இலக்கம், அது எந்த வைத்தியசாலையில் இருக்கிறது என்ற குறிப்பு. பிஎஸ்ஏ அளவுகளைத் திகதியோடும், அன்று எடுத்த மருந்தோடும் ஒரே கொப்பியில் எழுதுங்கள். மரபணுப் பரிசோதனை செய்தால் இரண்டு பக்க அறிக்கையோடு நிற்காமல் மூலத் தரவுக் கோப்பையும் கேட்டு வாங்கி இரண்டு இடத்தில் சேமியுங்கள். முழு டிஎன்ஏ வாசித்திருந்தால், இன்று "அர்த்தம் தெரியாது" என்று விடப்பட்ட எழுத்தைச் சில வருடம் கழித்து, புதிய இரத்தம் எடுக்காமலே மறுபடி பார்க்கலாம். பட்டியல் மரபணுப் பரிசோதனையின் கோப்பில் அந்த 98 சதவீதம் வாசிக்கப்பட்டிருக்காது. ஆகவே எந்த வகை வாசிப்பு, எத்தனை மடங்கு ஆழம், வரைபடத்தின் எந்தப் பதிப்பு என்ற மூன்றையும் ஆய்வுகூடத்திடம் எழுத்தில் கேட்டு அறிக்கையோடு இணைத்து வையுங்கள்.